மோட்டார் காயில் கட்டக் குடுக்குறவங்க உஷார், எனக்கு 11,500 ரூபா போச்சு

இப்பதான் அந்தக் கடையில சண்ட போட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன், ஆத்திரம் அடங்கல. எங்க மாவு மில்லு 10 ஹெச்பி மோட்டார் போன மாசம் எரிஞ்சுபோச்சு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். தகர ஷெட்டு, உள்ள ஒரே அனலு, ஹீட் தாங்குற மாதிரி கட்டிக் குடுங்கன்னேன். உடனே காயிலுக்கு அடியில போடுற இன்சுலேஷன் பேப்பர்னு க்ரீம் கலர்ல மொடமொடன்னு ஒரு ரோல எடுத்து என் கையில குடுத்து "தொட்டுப் பாருங்கண்ணே, நோமெக்ஸ், ஹெச் கிளாஸ், 180 டிகிரி தாங்கும், பத்து வருசத்துக்கு இந்தப் பக்கமே வரமாட்டீங்க"ன்னார். அந்தப் பேப்பரத் தொட்டதுலயே நான் விழுந்துட்டேன். மத்த கடையில 8,000தான் கேட்டாங்க, இங்க பேரமே பேசாம 11,500 எண்ணி வச்சேன். பில்லு கேட்டா விசிட்டிங் கார்டு பின்னாடி பேனாவுல எழுதிக் குடுத்தார்.

19 நாள்தாங்க ஓடுச்சு. மொளகா அரைச்சிட்டு இருக்கும்போதே குப்புன்னு பொக. மச்சான் வயர்மேன், வந்து மூடியக் கழட்டினா ஸ்லாட்டுக்குள்ள, அதான் காயில் உக்கார்ற பள்ளத்துக்குள்ள, இருந்தது சாதா பாலியஸ்டர் ஷீட்டு, சுருண்டு ஓரமெல்லாம் உருகி மணிமணியா நிக்குது. நோமெக்ஸ் கருகும், உருகாது. பாலியஸ்டர் 130 டிகிரிக்கு மேல ஓட்டுறதுக்கு ஆனதே இல்லயாம். காயில்ல இருந்து வெளிய வர்ற லீடு வயர் மேல ஃபைபர் கிளாஸ் ஸ்லீவு (உறை) இருக்கணும், இருந்தது பிவிசி, கூழா வழிஞ்சிருக்கு. எரியாத பக்கத்துல வார்னிஷ் இன்னும் வெரல்ல பிசுபிசுன்னு ஒட்டுது, ஓவன்ல வச்சுக் காயவைக்கவே இல்ல!

கடைக்குப் போனா மொதல்ல "லோ வோல்டேஜ்ணே"ன்னார், அடுத்த நாள் "ஓவர்லோடு போட்டிருப்பீங்க", அப்புறம் ஃபோனே எடுக்கல, இன்னைக்கு நேர்ல போனா பையன் "ஓனர் ஊர்ல இல்ல"ங்குறான், உள்ள அவர் சத்தம் கேக்குது! 11,500 ரூபா, அது எங்க ரெண்டு மாச வாடகைங்க. கல்யாண வீட்டு மொளகா 40 கிலோ மூட்டையோட கெடக்கு, அவங்களுக்கு என்ன பதில் சொல்றது.

எப்படி செக் பண்றதுன்னு வெவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், முடியல. காயில் எறக்கும்போது பக்கத்துலயே நில்லுங்க. ஸ்லாட்டுல போடுற பேப்பர்லயே ஒரு துண்டு வெட்டி வாங்கி லைட்டர்ல காட்டுங்க, உருகுச்சுன்னா மோட்டாரத் தூக்கிட்டு வந்துருங்க. எந்த கிளாஸ்னு பில்லுல எழுதச் சொல்லுங்க, எழுதாம காசு குடுக்காதீங்க.