படுக்க வைத்த உறை கிணறு: எழும்பூர் முதல் மண்ணடி வரை மெட்ரோ

கீழக்கரைக்காரனுக்கு சென்னை என்றால் பாதி மண்ணடிதான். கடை அங்கே, சொந்தம் அங்கே, கல்யாணச் சாமான் வாங்குவதும் அங்கே. ராமநாதபுரத்தில் ராத்திரி ரயில் ஏறி காலையில் எழும்பூரில் இறங்கினால் ஆட்டோவில் பேரம் பேசுவதுதான் அன்றைய முதல் வேலை. தொதல் இனிப்பு டப்பா, மாசி மீன், கருவாட்டுப் பொட்டலம் என்று இரண்டு கையிலும் மூட்டையோடு நிற்பவனிடம் என்ன கேட்கலாம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருமுறை நன்றாக ஏமாந்தேன், அதிலிருந்து மெட்ரோதான். நாலைந்து தடவை தனியாகப் போய் வந்தேன், கடைசித் தடவை உம்மாவையும் கூட்டிப் போனேன், அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். என் மார்க் ஐந்துக்கு நாலரை.

வழி சுலபம். எழும்பூரில் பச்சை வழித்தடம் ஏறினால் அடுத்தது சென்ட்ரல், அங்கே நீல வழித்தடத்துக்கு மாறினால் உயர்நீதிமன்றம், அதற்கடுத்து மண்ணடி. மொத்தமும் மண்ணுக்குள். டிக்கெட் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50. வாட்ஸ்அப்பிலேயே எடுக்கலாம், ஆனால் மேலேயே எடுத்துவிடுங்கள், என் சிம் பாதிப் படியிலேயே சிக்னலை விட்டுவிட்டது. காலை 5 மணிக்கே ஓடத் தொடங்கிவிடுகிறது.

உம்மாவுக்கு எஸ்கலேட்டர் பயம், லிஃப்டில்தான் இறங்கினோம். நடைமேடை ஓரம் முழுக்கக் கண்ணாடித் தடுப்பு, ரயில் வந்து நின்ற பிறகுதான் அதில் கதவு திறக்கும், அதனால் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் கவலை இல்லை. ஏசியில் உட்கார்ந்து மூச்சு விட்டதும் உம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏம்ப்பா, இவ்வளவு ஆழத்துல தண்ணி ஊறாதா?"

நியாயமான கேள்விதானே. எங்கள் ஊரில் கையால் மணலைப் பறித்தாலே உப்புத் தண்ணீர் எட்டிப் பார்க்கும். மண்ணடியும் துறைமுகத்தை ஒட்டிய இடம். ஊர் திரும்பியும் கேள்வி விடவில்லை, தேடிப் படித்தேன், படித்ததில் நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் இது படுக்க வைத்த உறை கிணறு. நாம் மணலில் உறை இறக்கும்போது உள்ளே மண்ணை வாரிக்கொண்டே ஒன்றன்மேல் ஒன்றாக உறையை, அதாவது வளையத்தை, வைப்போம் இல்லையா, அதையே பக்கவாட்டில் செய்கிறார்கள். துளையிடும் இயந்திரத்தின் முன்னால் சுழலும் சக்கரம் மண்ணை அறுக்கும், அறுத்த மண்ணை உடனே வெளியே தள்ளாமல் சக்கரத்துக்குப் பின்னால் ஓர் அறையில் அழுத்திப் பிடித்து வைத்திருக்கும், வெளியே இருக்கும் மண்ணும் தண்ணீரும் எவ்வளவு அழுத்தத்தோடு நெருக்குகிறதோ உள்ளேயும் அதே அளவு நெருக்கம் இருப்பதால் எதுவும் பொத்துக்கொண்டு வராது. பின்னாலேயே கான்கிரீட் துண்டுகளை வட்டமாகக் கோத்து, இடுக்கில் ரப்பர் பட்டை, வெளிப்புறச் சந்தில் சிமெண்ட் கலவை. நிலையங்களுக்கு வேறு முறை. ஒல்லியான பள்ளம் வெட்டி, அது சரியாமல் இருக்க பெண்டோனைட் களிக்குழம்பை நிரப்பி, கம்பி இறக்கி கான்கிரீட் ஊற்றிச் சுவர் எழுப்பிவிட்டு, அப்புறம்தான் சுவருக்கு உள்ளே மண் எடுப்பது.

இத்தனை ஏற்பாட்டுக்கும் மண் சில நேரம் அடங்காது. 2017 ஏப்ரலில் அண்ணா சாலை திடீரென்று உள்வாங்கி ஒரு பஸ்ஸும் காரும் குழிக்குள் இறங்கியதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். அடுத்த மாதமே திருமங்கலம் – நேரு பூங்கா சுரங்க ரயில் ஓடியது, ஆனால் வண்ணாரப்பேட்டையிலிருந்து மண்ணடி வழியாக அண்ணா சாலைக்குள் போகும் பகுதி 2019 பிப்ரவரி 10-ல்தான் திறந்தது.

திருமங்கலம் என்றதும் ஞாபகம் வருகிறது. மறுநாள் அண்ணா நகர் பக்கம் போகும்போது "அடுத்த நிலையம் திருமங்கலம்" என்று அறிவிப்பு வந்ததும் உம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார், மதுரை வந்துவிட்டதாம். சிரித்தேன், ஆனால் மதுரைப் பக்கத்து அந்தத் திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடைக்கு 32 கிலோமீட்டர் மெட்ரோ, நடுவில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி சுரங்கம் என்று போட்ட திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. எங்களுக்குப் பக்கத்துப் பெருநகரம் மதுரைதான், அதனால் வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு.

சென்னையில் இரண்டாம் கட்டமாக இன்னும் 118.9 கிலோமீட்டர் வருகிறது. மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து 2023-ல் குடையத் தொடங்கிய இயந்திரத்துக்கு ஃபிளமிங்கோ என்று பெயர். குளிர்காலத்தில் தனுஷ்கோடிக்கு வரும் நம்ம பூநாரைதான். உம்மாவிடம் சொன்னபோது பறவை மண்ணுக்குள் போவதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, "அந்த ரயில்லயாவது கருவாட்டு வாடைக்கு யாரும் மூஞ்சியத் திருப்பாம இருப்பாங்களா?" என்றுதான் கேட்டார். நாலு கவர் சுற்றியிருந்தோம், இருந்தும் சென்ட்ரல் வரைக்கும் பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது.