எட்டுப் பேராகச் சாப்பிடப் போகிறீர்களா? கார்டை நீட்டுவதற்கு முன் பில்லைக் கேளுங்கள்

சனிக்கிழமை இரவு நடந்தது. இன்று புதன். இன்னும் வயிறு எரிகிறது. போனது 53 டாலர் 53 சென்ட். இதற்கா இவ்வளவு கூச்சல் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

இடம் டாலஸ் பக்கம் ஒரு புறநகர். இத்தாலிய-அமெரிக்கச் சங்கிலி உணவகம் ஒன்று. பூண்டு ரொட்டி, ஆளுயரத் தட்டில் பாஸ்தா, அந்த வகை. பெயர் வேண்டாம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். நாங்கள் நாலு பேர், தங்கை, மாப்பிள்ளை, மொத்தம் எட்டு. அப்பாவுக்கு எழுபது முடிந்ததைக் கொண்டாடப் போனோம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அம்மா சுத்த சைவம். வெறும் தக்காளி சாஸ் போட்ட ஸ்பெகட்டி என்று இரண்டு தடவை சொல்லியும் இறைச்சி சாஸோடு வந்தது. மாற்றிக் கொடுத்தார்கள், அதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டோம். நான் கேட்ட ஆல்ஃப்ரெடோ, அதாவது வெள்ளை சாஸ் பாஸ்தா, கூழாக இருந்தது. ரோமில் அதற்கு வெண்ணெயும் சீஸும்தான், கிரீம் சேர்த்தது அமெரிக்கக் கைவேலை. சரி, அதை விடுங்கள்.

எங்களைக் கவனித்த பெண் அவ்வளவு அன்பு. அப்பாவை 'சார், சார்' என்றார், கேக் துண்டில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கொண்டுவந்தார். அம்மாவே "தங்கமான பொண்ணு" என்றாள். கடைசியில் காகித பில் வரவில்லை. கார்டு மெஷினைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றார். திரையில் மொத்தம் மட்டும்: 267.65. கொஞ்சம் உதைத்தது. "பெரிய குழுவுக்கு ஏதோ சேர்ப்பீர்களாமே, இதில் டிப்ஸ் இருக்கிறதா?" என்று வாய்விட்டே கேட்டேன். "அது பார்ட்டிக்கான கட்டணம். டிப்ஸ் தனி" என்று சிரித்தார். அடுத்த திரையில் 20, 22, 25 சதவீதம். அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பெண் தலைமாட்டில் நிற்கிறார், இங்கே யார் கணக்குப் பார்ப்பார்கள்? 20-ஐ அமுக்கினேன். 321.18.

வீட்டுக்கு வந்து மின்னஞ்சலில் வந்த ரசீதை விரித்தால்: உணவு 212, விற்பனை வரி 17.49, 'கிராஜுவிட்டி 18 சதவீதம்' 38.16. இங்கே கிராஜுவிட்டி என்றால் டிப்ஸ்தான். ஆக டிப்ஸ் ஏற்கனவே உள்ளே. அதற்கு மேல் நான் கொடுத்தது 53.53. அந்த 20 சதவீதமும் வரிக்கும் முதல் டிப்ஸுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு! டிப்ஸுக்கே டிப்ஸ். அம்மா உடனே ரூபாயில் பெருக்கி, நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல் என்று தலையில் கைவைத்தாள்.

ஞாயிறு காலை போன் செய்தேன். மேனேஜர் இல்லை, இரண்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். கூப்பிட்டால், கூட்டம் அதிகம், நாளைக்குப் பேசுங்கள். திங்களன்று கிடைத்தவர், "நீங்கள்தானே சார் அமுக்கினீர்கள், பணம் சர்வருக்குப் போய்விட்டது" என்றார். நான் விடவில்லை. உடனே சட்டம் பேசினார்: தானாகச் சேர்க்கும் தொகை டிப்ஸ் இல்லை, சேவைக் கட்டணம். 2014 முதல் வருமான வரித் துறை அப்படித்தான் பார்க்கிறது, உண்மைதான். ஆனால் அது அவர்கள் சம்பளக் கணக்கு. அவர்கள் ரசீதில் 'கிராஜுவிட்டி' என்றல்லவா அச்சடித்திருக்கிறார்கள்?

தலைமையகத்துக்கு எழுதினேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு பதில், கூடவே ஒரு கூப்பன். வங்கியில் கேட்டால், நீங்களே ஒப்புக்கொண்ட தொகை, எங்களால் ஆகாது. 53 டாலர் 53 சென்ட்டுக்கு நாலு நாள், மூன்று வாசல்.

டிப்ஸ் கொடுக்க மனமில்லாதவன் இல்லை நான். டெக்சஸில் சர்வருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச ரொக்கக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், 1991-லிருந்து அந்தக் கூட்டாட்சிக் கணக்கு நகரவே இல்லை. தெரிந்துதான் எப்போதும் தாராளமாகக் கொடுப்பேன். கேட்ட பிறகும் பொய் சொன்னதுதான் ஆறவில்லை.

எல்லாவற்றையும் விவரமாக எழுத நினைத்தேன், கோபத்தில் வரமாட்டேன் என்கிறது. எத்தனை பேர் வந்தால் டிப்ஸைத் தானாகச் சேர்ப்பார்கள் என்ற வரம்பு ஆறு பேர், எட்டு பேர் என்று கடைக்குக் கடை மாறும், மெனுவின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள். வரி வரியாகப் பிரித்த பில் கையில் வராமல் கார்டை நீட்டாதீர்கள். மெஷின் சொல்லும் சதவீதத்தை நம்பாதீர்கள், தொகையை நீங்களே அடியுங்கள். பணம் கட்டும்போது ஆள் பக்கத்தில் நின்றால், ஒரு நிமிடம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

அந்தக் கூப்பன் யாருக்காவது வேண்டுமா? ஒரு பூண்டு ரொட்டி இலவசம். முப்பது டாலருக்கு மேல் சாப்பிட வேண்டுமாம்.