விதைப் பிள்ளையார்: மண்ணையும் விதையையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்

ஆவணி பிறந்ததும் கடைகளிலும் இணையத்திலும் விதைப் பிள்ளையார் வந்துவிடுகிறார். களிமண் சிலை, அதற்குள் விதை. பூசை முடிந்ததும் தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் சிலை கரைந்து செடி எழும் என்று பெட்டியில் போட்டிருக்கும். மண்ணில் பிடித்து, வணங்கி, மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கும் வழிபாட்டுக்கு இவ்வளவு பொருந்தி வரும் பொருள் வேறு எதுவும் விற்பனைக்கு வருவதில்லை. ஆனால் பெட்டியில் சொன்னபடியே செய்தால் பெரும்பாலும் எதுவும் முளைக்காது. குறை மண்ணில் இல்லை. விதையை உள்ளே வைக்கும் முறையில் இருக்கிறது.

அச்சில் அடிக்கும்போது களிமண் ஈரமாக இருக்கும். அப்போதே விதையைப் பிசைந்து சேர்த்துவிட்டால், அது ஈரத்தை உறிஞ்சி முளைக்கத் தொடங்கிவிடும். சிலையோ நிழலில் நாள்கணக்கில் காய வேண்டும். மண் இறுக இறுக, உள்ளே கண்விட்ட முளை வறண்டு செத்துப்போகும். நம் கைக்கு வருவது செத்த விதையைச் சுமந்த சிலை.

அடுத்த சிக்கல் ஆழம். விதையின் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் விதைப்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தக்காளிக்கு அரை சென்டிமீட்டர் போதும். கீரை விதையை மேலாகத் தூவினாலே சரி. எட்டு அங்குலப் பிள்ளையாரின் தொந்திக்கு நடுவில் கிடக்கும் துளசி விதை அத்தனை மண்ணைத் துளைத்துக்கொண்டு வர முடியாது. அதோடு, கரைந்த களிமண் தொட்டியில் படிந்தால் காற்றுப் புகாது. காய்ந்தால் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். கீரை முளை அதன் அடியிலேயே வளைந்து நின்றுவிடும்.

ஆகவே வாங்கும்போது முதலில் சிலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். விவரம் தெரிந்தவர்கள் சிலை முழுக்கக் காய்ந்த பிறகு அடியில் விட்ட குழியில் விதையைக் காகிதத்தில் மடித்து வைத்து, மெல்லிய மண்ணால் மூடியிருப்பார்கள். அதைவிட மேலானது விதையைத் தனிப் பொட்டலமாகத் தருவது. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் நேர்மையான பொருள் அதுதான். எந்த விதை, எப்போது எடுத்தது என்று எழுதாத பெட்டியை அப்படியே திருப்பி வைத்துவிடலாம்.

வேப்ப விதை வைத்த சிலையை வாங்கவே வாங்காதீர்கள். வேம்பு ஆனி, ஆடியில் பழுக்கும். அதன் விதைக்குச் சில வாரங்களே முளைப்புத்திறன். சிலைக்குள் போய், கடைக்கு வந்து, பூசை முடியும்வரை அது தாங்காது. வெண்டை, அகத்தி, தண்டுக்கீரை ஆகியவை தொட்டிக்கு நல்லவை. நிலம் இருப்பவர்கள் வன்னி விதை தேடலாம். அதன் இலை பிள்ளையாருக்கு அர்ச்சனைக்குரியது, மரமும் வறட்சியைத் தாங்கும். தோல் கடினமானது என்பதால் கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீரில் போட்டு, இரவு முழுவதும் அப்படியே ஆறவிட்டு விதைக்க வேண்டும். சதுர்த்திக்குப் பின் விதைத்தால் ஐப்பசி மழைக்கு முன்னே கன்று வேர்பிடிக்க ஏறக்குறைய ஒரு மாதம் கிடைக்கும். மரம் வளர்க்க நினைப்பவர்களுக்கு இந்தப் பண்டிகை சரியான பருவத்தில்தான் வருகிறது.

இனி மண். ‘களிமண்’ என்று சொல்லி விற்பதெல்லாம் கரைவதில்லை. சுட்ட மண் சிலை எத்தனை நாள் ஊறினாலும் அப்படியே இருக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை எடை குறைவாக இருக்கும். அடியில் நகத்தால் கீறினால் வெள்ளைத் தூள் வரும். சந்தேகம் இருந்தால் அடியிலிருந்து ஒரு சிறு துண்டைச் சுரண்டித் தண்ணீரில் போடுங்கள். சுடாத பச்சைக் களிமண் காய்ந்திருந்தால் சில நிமிடங்களில் சேறாக உதிரும், மற்ற இரண்டும் உதிராது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் திருத்திய வழிகாட்டுதலில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளுக்குத் தடை சொல்லியும் அவை இன்னும் கடைக்கு வருகின்றன. வண்ணம் பூசாத சிலையே நல்லது. கட்டாயம் நிறம் வேண்டும் என்றால் காவி போதும். பளபளக்கும் பெயிண்ட் அடித்த சிலையைக் கரைத்தால், அந்தப் பெயிண்ட் தோலாக உரிந்து தொட்டி மண்ணில் தங்கிவிடும்.

பூசை நடக்கும் நாட்களில் சிலையை மின்விசிறிக்கு நேராகவோ விளக்குக்கு ஒட்டியோ வைக்க வேண்டாம். மெல்லிய தும்பிக்கை முதலில் காய்ந்து சுருங்கும், தடித்த தொந்தி ஈரமாகவே இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில்தான் விரிசல் விடும். அதே மண்ணைக் குழம்பாகக் கரைத்துத் தடவினால் மூடிவிடும். பச்சைக் களிமண் சிலைக்குப் பால், எண்ணெய் அபிஷேகம் கூடாது. எண்ணெய் பட்ட மண் தண்ணீரை ஏற்காது. அருகம்புல், எருக்கமாலை, பூ இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கரைக்கும் முறையில் பலரும் தவறுவது ஒன்று உண்டு. நன்றாகக் காய்ந்த களிமண் வேகமாகக் கரையும், அரை ஈரமாக இருப்பது கட்டியாகவே நிற்கும். நிறைவுப் பூசையான புனர்பூசை செய்து சிலையை நகர்த்திய பின் இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். மாலை, குடை, நூல், குங்குமம் எல்லாவற்றையும் எடுத்து, சந்தனப் பூச்சைச் சுரண்டி, அடிக்குழியில் உள்ள விதையையும் வெளியே எடுத்துவிடுங்கள். வாளியில் சிலை மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு ஓர் இரவு விட்டால் போதும். தெளிந்த நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, சேற்றை உலர்த்தி நொறுக்கி, ஒரு பங்கு களிமண், ஒரு பங்கு மணல், இரண்டு பங்கு மட்கிய தொழுவுரம் என்று கலந்து தொட்டியை நிரப்புங்கள். விதையை இந்தக் கலவையின் மேல்தான் போட வேண்டும். கீரை நான்கைந்து நாளிலும் வெண்டை ஒரு வாரத்திலும் முளைக்கும்.

கண்ணுக்குக் குன்றிமணி பதித்த சிலையாக இருந்தால், கரைப்பதற்கு முன் இரண்டையும் எடுத்து எண்ணிப் பாருங்கள். அதன் பருப்பு கொடிய நஞ்சு. குழந்தை கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தொட்டியில் விட்டால் முளைத்துக் கொடியாகப் படரவும் கூடும்.

அட்டைப்பெட்டியில் தொட்டி, தேங்காய் நார் வில்லை எல்லாம் சேர்த்து வருவதற்குக் கொடுக்கும் விலை பெட்டிக்கும் தபாலுக்குமே போகிறது. சதுர்த்தி காலையில் தெருமுனையில் பலகை போட்டு அச்சில் அடித்துத் தருபவரிடம் ஈரம் காயாத பிள்ளையாரை வாங்கி, விதைக்கடையில் நாட்டு வெண்டை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டால் செலவும் குறையும், செடியும் நிச்சயம் வரும். நகரத்தில் அப்படிப்பட்டவர் கிடைக்காதவர்கள் மட்டும் பெட்டியை வாங்கலாம். அப்போதும் அரையடிக்கு மேல் உயரம் வேண்டாம். அதற்கு மேல் போனால் ஒரு தொட்டி, ஒரு வாளியில் அடங்காது.