கடனைக் குறைக்க எந்த ஆங்கில வினை: ‘பேர்’, ‘ப்ரூன்’?

ஒரு நிறுவனத்தின் ஆங்கில ஆண்டறிக்கையைச் செப்பனிட்டுக் கொடுத்தபோது, ‘இந்த ஆண்டு கடனைக் கணிசமாகக் குறைத்தோம்’ என்ற பொருளில் வந்த வாக்கியத்தில் ‘ப்ரூன்’ (prune) என்ற வினை இருந்தது. அதை நீக்கிவிட்டு ‘பேர்’ (pare) என்று மாற்றினேன். பி, ஏ, ஆர், இ என்னும் நான்கே எழுத்துகள் கொண்ட சிறிய வினைதான். அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் ‘வெட்டிக் குறைத்தல்’ என்றே போட்டிருக்கும் என்பதால், ஏன் இதைத் தேர்ந்தேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

‘ட்ரிம்’ என்ற மூன்றாவது வினையும் போட்டியில் உண்டு. தாடிக்கும் வேலியோரச் செடிக்கும் செலவுத் திட்டத்துக்கும் பொருந்துகிற அது, ஓரத்தில் கொஞ்சம் வெட்டிச் சீராக்குவதோடு நின்றுவிடும். கணிசமான குறைப்புக்கு அது போதாது.

‘ப்ரூன்’ நம் தோட்டக்காரர்கள் கவாத்து என்று சொல்வதேதான். மல்லிகையை நவம்பர் கடைசியில் கவாத்து செய்வது, மார்ச்சிலிருந்து பூக்கப்போகும் புதுத் தளிர்களுக்காக. எந்தக் கிளையை வைப்பது, எதை முழுதாக எடுப்பது என்ற தேர்வும், மிச்சம் இன்னும் நன்றாக வளர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இந்த வினைக்குள்ளேயே இருக்கின்றன. சதுரங்கம் ஆடும் கணினி நிரலில் பயனற்ற நகர்வுக் கிளைகளை ஆராயாமல் விடுவதற்கும், வளரும் மூளையில் தேவையற்ற நரம்பு இணைப்புகள் நீங்குவதற்கும் ஆங்கிலத்தில் இதையே ஆள்வது அதனால்தான்.

‘பேர்’ செய்யும் வேலை வேறு. கத்தியை மேற்பரப்பை ஒட்டியே ஓட்டி மெல்லிய ஏடாகச் சீவுவது அதன் அடிப்படைப் பொருள்; ஆப்பிளின் தோல், விரல் நகம், லாடம் அடிக்கும் முன் குதிரையின் குளம்பு ஆகியவற்றுக்கு அது இயல்பாகப் பொருந்தும். இங்கே கிளை என்று ஒன்றுமில்லை. கையில் இருக்கும் ஒரே பொருள் சுற்றிலும் சிறிது சிறிதாகக் குறைகிறது. அளவாக எண்ணப்படும் எதற்கும், அதாவது கடன், செலவு, பங்கு வீதம், மதிப்பீடு போன்றவற்றுக்கு, இந்த வினை ஒட்டிக்கொண்டது அதனால்தான் என்பது என் எண்ணம். வணிகச் செய்தி படிப்பவர்கள் இதை அடிக்கடி பார்த்திருப்பார்கள்: காலையில் 500 புள்ளிகள் ஏறிய சென்செக்ஸ் மாலையில் 200 புள்ளி ஏற்றத்தோடு முடிந்தால் அது ஏற்றத்தை ‘பேர்’ செய்தது, 500 புள்ளிகள் இறங்கியபின் பாதியை மீட்டால் இழப்பை ‘பேர்’ செய்தது. வினை ஒன்றுதான், செயப்படுபொருளைப் பார்க்காமல் தலைப்பை ஓட்டமாகப் படிப்பவர் லாபத்தை நட்டமாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு.

என்னைப் பொறுத்தவரை தேர்வை முடிவுசெய்யும் கேள்வி, வெட்டியபின் மிஞ்சுவது வளர வேண்டுமா என்பதுதான். கடனைக் கவாத்து செய்தால் அடுத்த மழைக்குத் தழைத்துவிடும். எந்த முதலீட்டாளரும் அதை விரும்ப மாட்டார். மாறாக, அதே அறிக்கையில் நட்டத்தில் ஓடும் சில கிளைகளை மூடி மற்றவற்றை வலுப்படுத்தியதாக வந்த இடத்தில் ‘ப்ரூன்’ இருந்ததைத் தொடவில்லை. அங்கே கிளை உண்டு, தேர்வு உண்டு, வளர்ச்சியின் நோக்கமும் உண்டு. ஓர் உரையைச் சுருக்கும்போது இரண்டும் செல்லும்: பத்திகளை முழுதாகத் தூக்கினால் ‘ப்ரூன்’, வாக்கியம் வாக்கியமாக இளைக்கவைத்தால் ‘பேர் டவுன்’.

துணைச்சொல்லிலும் கவனம் தேவை. ‘டவுன்’ சேர்த்தால் குறைகிற முழுப்பொருள் செயப்படுபொருளாக வரும். ‘அவே’ சேர்த்தால் சீவி எறியப்படும் பகுதி வரும். ‘எலும்பு வரை’ என்று பொருள்படும் தொடரைச் சேர்த்தால் இனிக் குறைக்க ஒன்றுமில்லை என்றாகிவிடும். ஆண்டறிக்கையில் அதைத் தவிர்ப்பது நல்லது.

‘பேர்’ வினையின் பெரிய குறை அதன் ஒலி. சோடியைக் குறிக்கும் சொல்லும் பேரிக்காயைக் குறிக்கும் சொல்லும் இப்படியே ஒலிப்பதால், பழகிய கைகளும் ‘பேர் டவுன்’ என்பதைச் சோடிக்குரிய எழுத்துகளில் எழுதிவிடுகின்றன; அதுவும் சரியான ஆங்கிலச் சொல்லே என்பதால் எழுத்துப்பிழை திருத்தி பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. மேடையில் பேசுபவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ‘கட்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். என் பழக்கம் வணிக எழுத்தோடு நிற்பதால், சட்ட ஆவணங்களில் இவற்றுள் எது பொருந்தும் என்பதை அத்துறையினரிடமே விட்டுவிடுகிறேன்.