ஹெஸ்ஸே 1999, நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா 2005, துரிங்கியா 2019: மத்திய அரசியலை அதிகம் அசைத்தது எது?

ஜெர்மன் மாநிலத் தேர்தலை வாக்குச் சதவீதத்தால் மட்டும் அளந்தால் கணக்கு தப்பும். பூண்டஸ்ராட் எனும் மாநிலங்கள் அவையையும் பார்க்க வேண்டும். மொத்தம் 69 வாக்குகள். மாநிலத்துக்கு 3 முதல் 6. மாநில அரசு அவற்றைப் பிரிக்காமல் ஒன்றாகப் போட வேண்டும். அவையின் ஒப்புதல் கட்டாயமான சட்டத்துக்கு 35 தேவை என்பதால், நடுநிலை வகித்தாலும் அது எதிர்ப்பு வாக்குதான்.

ஹெஸ்ஸே தேர்தல் (1999 பிப்ரவரி 7) அடித்தது இங்கேதான். மத்திய அரசு திட்டமிட்ட இரட்டைக் குடியுரிமைக்கு எதிரான கையெழுத்து இயக்கத்தோடு, பழமைவாதக் கட்சியான சி.டி.யு.வின் ரோலண்ட் கோக் களமிறங்கினார். அவரது கூட்டாளியான எஃப்.டி.பி. (தாராளவாதக் கட்சி) பெற்றது 5.1%, சட்டமன்றத்தில் இடம்பெறத் தேவையான 5% வரம்பை அது தாண்டாதிருந்தால் எஸ்.பி.டி. (சமூக ஜனநாயகக் கட்சி)–பசுமைக் கூட்டணியே நீடித்திருக்கும். கோக் வென்றார், எஸ்.பி.டி.யைச் சேர்ந்த சான்சலர் (மத்திய அரசின் தலைவர்) ஷ்ரோடரின் நான்கு மாதம்கூட நிறையாத அரசு பூண்டஸ்ராட் பெரும்பான்மையை இழந்தது. எஸ்.பி.டி.–எஃப்.டி.பி. ஆண்ட ரைன்லாந்து-பலாட்டினேட்டின் வாக்குக்காக குடியுரிமை மசோதா இறங்கி வந்தது: ஜெர்மனியில் பிறக்கும் வெளிநாட்டவர் பிள்ளைகள் 23 வயதுக்குள் ஒரே குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த விதி 2014-இல் பெரிதும் தளர்ந்து, 2024-இல்தான் முற்றாக ஒழிந்தது.

நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா (2005 மே 22) வேறு ரகம். 39 ஆண்டு எஸ்.பி.டி. கோட்டை விழுந்தது: சி.டி.யு. 44.8%, எஸ்.பி.டி. 37.1%. ஆனால் பூண்டஸ்ராட் ஏற்கெனவே எதிரணியின் கையில் இருந்தது. சரிந்தது ஷ்ரோடரின் அதிகாரம். அன்று மாலையே முன்கூட்டிய தேர்தல் அறிவிப்பு வந்தது. சிக்கல் என்னவென்றால், ஜெர்மன் சான்சலர் தானாக நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாது. எனவே ஜூலை 1-இல் நம்பிக்கை வாக்கெடுப்பை வேண்டுமென்றே தோற்றார் (ஆதரவு 151, எதிர்ப்பு 296, நடுநிலை 148). குடியரசுத் தலைவர் கலைத்தார், அரசியலமைப்பு நீதிமன்றமும் ஏற்றது. செப்டம்பர் தேர்தலில் ஒரே ஒரு சதவீதப் புள்ளி முந்தியது சி.டி.யு. தலைவர் மெர்க்கெலின் அணி.

துரிங்கியாவில் தேர்தலைவிட அதன் பின்விளைவே பெரிது. 2019-இல் எஃப்.டி.பி. 5% வரம்பைத் தாண்டியது வெறும் 73 வாக்குகளில். 2020 பிப்ரவரி 5-இல், தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி. தன் வேட்பாளரையே கைவிட்டு வாக்களிக்க, எஃப்.டி.பி.யின் கெம்மெரிச் 45–44 என முதல்வரானார். ஏ.எஃப்.டி.யோடு கைகோக்க மாட்டோம் என்ற கட்சி நிலைப்பாட்டை மீறி, சி.டி.யு. உறுப்பினர்களும் அவரை ஆதரித்திருந்தனர். ஐந்தே நாளில் சி.டி.யு.வின் தேசியத் தலைவர் கிராம்ப்-காரன்பவர் பதவி விலகும் முடிவை அறிவித்தார்.

பரபரப்பில் 2005-க்கு இணையில்லை. ஆனாலும் என் தராசில் ஹெஸ்ஸேதான் கனம்: ஷ்ரோடரின் ஆட்சி 2006-இல் எப்படியும் வாக்காளர் முன் நிற்க வேண்டியிருந்தது, குடியுரிமை விதியோ கால் நூற்றாண்டு சட்டத்தில் கிடந்தது.