ஐந்தாவது வருடத்தில் என் செயின் சா

ஒடுகத்தூர் பக்கம் எங்கள் நிலத்தைச் சுற்றி வேலிகாத்தான். தெற்கத்தி ஆட்கள் சீமைக்கருவேலம் என்பார்களே, அதுதான். நடுவில் காய்ப்பு ஓய்ந்த தென்னையும் கொஞ்சம் மாவும். அறுக்க ஆள் கிடைக்காமல் 2021-ல் வேலூர் போய் 58 சிசி பெட்ரோல் செயின் சா ஒன்று வாங்கினேன். கடையில் ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் பிளாஸ்டிக் தடுப்பு கைக்கு மறைப்பு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அதுதான் பிரேக், முன்னால் தள்ளினால் சங்கிலி நிற்கும். முதல் மாதம் சாய்ந்த மாங்கிளை ஒன்றை அறுக்கும்போது, பாரின், அதாவது சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகட்டின், முனை பின்னால் இருந்த கொம்பில் இடித்தது. கண் இமைப்பதற்குள் மெஷின் மேலே எகிறி முகத்துக்கு வந்தது. இடது மணிக்கட்டு தடுப்பில் மோதியதும் சங்கிலி நின்றுவிட்டது. தொப்பி விளிம்புக்கும் பாருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அன்று அப்புறம் நான் எதையும் அறுக்கவில்லை.

பாரின் மேல்பக்கம் சங்கிலி நம்மை விட்டு முன்னோக்கி ஓடி, முனையில் வளைந்து கீழே இறங்குகிறது. முனையின் மேல் கால்பாகம் மரத்தில் பட்டால் பல் மாட்டிக்கொள்ளும். அந்த வேகம் அப்படியே பாரை நம் பக்கம் தூக்கி அடிக்கும். அதனால் முனை எங்கே இருக்கிறது என்பதில் எப்போதும் ஒரு கண் வேண்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கவே கூடாது, ஏணியில் நின்றும் கூடாது. இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது பிரேக் போட்டு, மெஷினைத் தரையில் வைத்து, பின்கைப்பிடிக்குள் வலது கால் ஷூ முனையை நுழைத்து மிதித்துக்கொண்டுதான் கயிற்றை இழுக்கிறேன். தொங்கவிட்டபடி இழுப்பவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. லுங்கி கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு அறுப்பவர்களைப் பார்த்தால் இன்னும் அதிகமாக.

அடுத்தது கூர். பக்கத்து நிலத்து மாமா ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, “இன்னாடா, மாவு மாரி கொட்டுது?” என்றார். சரியான கேள்வி. கூரான சங்கிலி சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கியது தூள்தான் கொட்டும். அப்போது நாம் அழுத்துவோம், கை அசரும், பிடி தளரும். வேலிகாத்தானில் பழைய முள்கம்பி உள்ளே புதைந்திருக்கும், ஒரு உரசலில் பத்து பல் போய்விடும். தென்னையின் அடிமரத்தில் ஒட்டிய மண்ணும் அப்படித்தான், முதலில் தட்டிவிடுகிறேன். என் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். 30 டிகிரி சாய்த்து உள்ளிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்கிறேன். ஒரு பக்கம் அதிகம் தேய்ந்தால் அறுப்பு கோணலாக ஓடும்.

எண்ணெய் இரண்டு வகை. என் மெஷினுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலில் 40 மில்லி டூ-டி ஆயில். பாருக்குத் தனி டேங்க், அதில் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள், அதிலுள்ள இரும்புத் துகள் பாரைத் தின்றுவிடும். அறுக்கும் முன் முனையை உலர்ந்த அடிக்கட்டைக்கு நேராகக் காட்டி, படாமல், ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்தால் வெட்டுமுகத்தில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். கோடு விழவில்லை என்றால் துளை அடைத்திருக்கிறது. பாரைக் கழற்றித் துடைத்து, அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டால் தேய்மானமும் சமமாகும். வேலை முடிந்ததும் சங்கிலியைச் சற்றுத் தளர்த்திவிடுங்கள். சூட்டில் நீண்டது ஆறும்போது சுருங்கி இறுகும்.

இதுவரை ரிப்பேர் என்று பார்த்தால் கார்பரேட்டர் ஒருமுறை அடைத்தது. மழைக்காலம் முழுக்க டேங்கில் பெட்ரோலை விட்டுவைத்தது என் தப்பு. பிரைமர் பல்பு, அதாவது ஸ்டார்ட் செய்யுமுன் பெட்ரோலை ஏற்ற அமுக்கும் குமிழ், ஒன்று வெடித்தது. சங்கிலி மூன்று மாற்றியிருக்கிறேன். பார் இரண்டாவது ஓடுகிறது.

பனையை மட்டும் தொடுவதில்லை, அதை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும். போன வாரம் பங்காளி மகன் கற்றுக்கொடு என்று வந்தான். என்ஜினை அணைத்து வைத்து, இடது மணிக்கட்டால் தடுப்பைத் தள்ளச் சொன்னேன். நாற்பது ஐம்பது தடவை தள்ளினான். நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன், மெஷினை இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை.