பைதானின் மூன்று அம்புக்குறிகளோடு பதினான்கு வருடம்

2011-இல் பைதான் என்ற கணினி மொழியின் 2.7 பதிப்பை நிறுவியது அலுவலக வேலைக்காக. இன்று வேலைக்கு எழுதும் புரோகிராம் கோடில் (code) பாதிக்கு மேல் வேறு மொழிகளில்தான். ஆனாலும் காலையில் கணினியைத் திறந்ததும் கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரை ஒன்றில் பைதானை ஓடவிட்டு ஓரமாக வைத்துவிடுவேன், மாலை வரை அது அங்கேயே இருக்கும், கணக்குப் போடும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளும் தாள் மாதிரி. >>> என்று காட்டி அடுத்த வரிக்குக் காத்திருக்கும் அந்த மூன்று அம்புக்குறித் திரையைப் பற்றி மட்டும்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் பிடித்துப்போனது முழு எண்கள். 2-இன் 1000-ஆவது அடுக்கைக் கேட்டால் 302 இலக்கங்களையும் ஒன்று விடாமல் கொட்டும். ஒரு சூத்திரத்தில் சந்தேகம் வந்தால் n-க்கு நூறு, ஆயிரம் என்று போட்டுப் பார்ப்பேன். விடை தப்பாக வந்தால் தப்பு என் சூத்திரத்தில்தான், வேறு பல மொழிகளில் நடப்பதுபோல எண் தனக்கு ஒதுக்கிய 64 பிட் (0 அல்லது 1 நிற்கும் இடம்) அளவைத் தாண்டி வழிந்ததால் இல்லை. மீதி காண்பதிலும் இந்த நிம்மதி உண்டு. இன்று புதன், 100 நாளுக்கு முன் என்ன கிழமை? ஞாயிறை 0 என வைத்தால் புதன் 3. மூன்றில் நூறு போனால் −97, அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1, திங்கள். சி மொழியில் இதே மீதி −6 என்று வரும், அப்புறம் ஒரு 7-ஐக் கூட்டிச் சரிசெய்ய வேண்டும். பள்ளியில் படித்த மீதி பைதானில்தான் இருக்கிறது.

தசம எண்களுக்கு வந்தால் கதை வேறு. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004. இது பைதானின் குறை இல்லை. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 3 முடிவில்லாமல் போகிற மாதிரி, பத்தில் ஒன்று, கணினி பயன்படுத்தும் 0, 1 மட்டுமே கொண்ட இருமத்தில் முடியாது, 53 பிட்டில் வெட்டித்தான் ஆக வேண்டும். இதெல்லாம் தெரிந்திருந்தும் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். ஓர் எண் முழு வர்க்கமா என்று பார்க்க, வழக்கமான வர்க்கமூலத்தை எடுத்து முழு எண்ணாக்கிக்கொண்டிருந்தேன். சின்ன எண்களில் ஒரு பிசகும் இல்லை. 10-இன் 32-ஆவது அடுக்கில் ஒன்று குறைத்துக் கொடுத்துப் பாருங்கள், வர்க்கமூலத்தின் முழுஎண் பகுதி பதினாறு ஒன்பதுகளாக வர வேண்டும், ஆனால் 10-இன் 16-ஆவது அடுக்கு வரும். ஒரு நாள் முழுக்கத் தேடித்தான் பிடித்தேன். பைதான் 3.8-இல் முழு எண்களுக்கென்றே தனி வர்க்கமூல ஃபங்ஷன் வந்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

செலவைப் பங்கு பிரிக்கும்போது, அதிலும் ஒருவர் இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்த பயணக் கணக்கு மாதிரி சிக்கல் என்றால், பின்னங்களைப் பின்னங்களாகவே கணக்கிடும், பைதானோடு வரும் மாட்யூலை எடுத்துவிடுவேன். பங்குகளைக் கூட்டினால் மொத்தம் அச்சாக வந்து நிற்கும்.

பைதான் 2-இல் 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2, பைதான் 3-இல் 2.5. பழையதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிகிறது என்பதால் அதற்கு முந்தைய வருடம் எங்கள் அறிக்கை புரோகிராமை மாற்றினோம். மாற்றிய மறுநாளே சராசரி மதிப்பெண்கள் எல்லாம் கொஞ்சம் ஏறியிருந்தன. புதுக் கோடில் பிழை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிழை பழையதில்தான் இருந்தது, வருடக்கணக்கில் 4.9-ஐ 4 என்று வெட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கோடை எழுதியவர்களில் நானும் ஒருவன். வகுத்தல் குறியின் பொருளை மாற்றியது சரியான முடிவு என்று அன்றிலிருந்து எங்கே கேட்டாலும் சொல்வேன்.

வேகம் போதாது, கோடிக்கணக்கில் சுற்றும் லூப்பை இங்கே எழுதக் கூடாது, சரி. என் பெரிய மனக்குறை வேறு: திரையை மூடினால் அதுவரை கணக்கிட்டு வைத்த மதிப்புகள் அத்தனையும் போய்விடும். தட்டிய வரிகள் வரலாற்றில் இருக்கும், விடைகள் இருக்காது. முக்கியமானதை உடனே வேறு கோப்பில் ஒட்டிவைக்கப் பழகிவிட்டேன்.

போன மாதம் மகள், தன் வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் என்று அதிசயப்பட்டாள். வகுப்பில் 30 பேர். உட்கார்ந்து நான்கு வரி எழுதினோம்: 23 பேர் இருந்தாலே பாதிக்கு மேல் வாய்ப்பு, 30 பேருக்கு 70.6 சதவீதம். "அப்போ ஏம்ப்பா என் பிறந்தநாள்ல யாருமே இல்ல?" என்றாள். அது வேறு கணக்கு. மற்ற 29 பேரில் ஒருவராவது அவள் நாளில் பிறந்திருக்க 8 சதவீதம்கூட இல்லை. அப்படியானால் பாதி வாய்ப்பு வர எத்தனை பேர் வேண்டும் என்று அடுத்த கேள்வி. 365-இல் பாதி, 183 இருக்கும் என்றேன் யோசிக்காமல். அவளே எண்ணை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே போனாள். 183-இல் 40 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. கடைசியில் 253-இல் போய் நின்றது. ஏன் இவ்வளவு அதிகம் என்று கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். "மத்தவங்களுக்குள்ளயும் ஒரே நாள் வருமேப்பா" என்று அவள்தான் முதலில் சொன்னாள்.